விடியற்காலை விமானம்: ஏர்போர்ட்டுக்கு வண்டி தவறாமல் வந்து நிற்க என்னென்ன செய்ய வேண்டும்?

அம்மாவுடன் கிளம்பிய ஒரு பயணம். காலை 5.15க்கு விமானம். 3 மணிக்கு வண்டி வேண்டும் என்று முந்தின நாள் மதியமே செயலியில் பதிவு செய்திருந்தேன். பதிவாகிவிட்டது என்று செய்தியும் வந்திருந்தது. 2.50க்குப் பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றோம். 2.55க்கு ஒரு டிரைவரின் பெயர் வந்தது. 12 நிமிடத்தில் வருவார் என்று காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அப்போதும் 12 நிமிடம்தான். வரைபடத்தில் அந்தச் சின்னக் கார் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. 3.08க்கு ரத்து. இன்னொரு பெயர் வந்தது, 3.16க்கு அதுவும் ரத்து. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் தூக்கக் கலக்கத்தோடு, சட்டைகூட மாற்றாமல், சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். கவுண்ட்டர் மூட நான்கு நிமிடம் இருந்தபோது பெட்டியைத் தராசில் வைத்தோம்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: பதிவு வேறு, வண்டி வேறு. பகலில் ஒரு வண்டி வராவிட்டால் தெருவில் இன்னொன்று கிடைக்கும். விடியற்காலையில் அந்த இன்னொன்றை முந்தின நாளே தயார் செய்து வைத்திருக்க வேண்டும். அதோடு, எத்தனை மணிக்கு முதல் வண்டியைக் கைவிட்டு அடுத்ததற்கு மாறுவது என்பதையும் தூங்கப் போகும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லா அதிகாலைப் பயணத்துக்கும் நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

டிக்கெட்டில் இருப்பது விமானம் கிளம்பும் நேரம். உங்களுக்கு முக்கியமானது பெட்டி வாங்கும் கவுண்ட்டர் மூடும் நேரம். உள்நாட்டுப் பயணம் என்றால் பல நிறுவனங்கள் கிளம்புவதற்கு 45 முதல் 60 நிமிடத்துக்கு முன்பு மூடிவிடுகின்றன. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடம், சில இடங்களில் அதற்கும் மேல். விமானத்தில் ஏறும் கேட்டும் கிளம்புவதற்கு 15 முதல் 25 நிமிடம் முன்பே மூடப்படும். உங்கள் நிறுவனத்தின் கெடு எது என்று அவர்கள் தளத்திலேயே பார்த்து, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

உதாரணத்துக்கு 6 மணி உள்நாட்டு விமானம், கவுண்ட்டர் 5 மணிக்கு மூடும் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் ஏர்போர்ட் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல ஊர்களில் நாளின் முதல் விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்புவது அந்த நேரத்தில்தான். பாதுகாப்புச் சோதனை வரிசை நடுமதியத்தைவிட நீளமாகக்கூட இருக்கலாம். அதனால் 4.15க்கு உள்ளே இருக்க வேண்டும். வழி 40 நிமிடம் என்றால் 60 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் சாலை காலியாக இருக்கும், சரி. ஆனால் சாலையைத் தோண்டுவதும் பாலத்தை மூடிப் பழுது பார்ப்பதும் இரவில்தான் நடக்கும். மூடுபனி, மழை இருந்தால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். வரைபடச் செயலியில் இப்போதைய நேரத்துக்குப் பதிலாக, நீங்கள் கிளம்பும் நாளையும் மணியையும் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஆக, வண்டி 3.15க்கு நகர வேண்டும். பெட்டிகளை ஏற்ற 10 நிமிடம். வண்டி வாசலில் நிற்க வேண்டிய நேரம் 3.05. டிரைவரிடம் சொல்ல வேண்டியது 2.55.

எழுந்திருக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்ததும் மூளை தெளிய 15 நிமிடம் முதல் அரை மணி நேரம்வரை, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பாஸ்போர்ட்டை மேசையிலேயே விட்டுவிட்டு வருவது இந்த நேரத்தில்தான். 2 மணிக்கு அலாரம் வையுங்கள்.

ரொம்பச் சீக்கிரம் போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில நிறுவனங்களின் கவுண்ட்டர் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்புதான் திறக்கும். சிறிய விமான நிலையங்கள் சில இரவில் பூட்டியே இருக்கும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் வெளியே குளிரில் காத்திருக்க நேரக்கூடாது என்றால் இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். செக் இன்னை முந்தின நாளே இணையத்தில் முடித்துவிட்டால் ஒரு வேலை குறையும். ஆனால் பெட்டி போடுகிறவர்களுக்கு அந்தக் கெடு அப்படியேதான் இருக்கும்.

தேதியை வார்த்தையில் சொல்லுங்கள்

இந்த விஷயத்தில் நம் பேச்சுவழக்கே நம்மை ஏமாற்றும். விடியும் வரை நமக்கு அது முந்தின ராத்திரிதான். "வியாழக்கிழமை ராத்திரி 2 மணிக்கு வாங்க" என்று நீங்கள் சொன்னால், வியாழன் தூங்கி எழுந்து வெள்ளி விடிவதற்கு முன் என்று உங்கள் மனதில் இருக்கும். நாள்காட்டியைப் பார்க்கிறவருக்கு வியாழக்கிழமை 2 மணி என்பது அதற்கு 24 மணி நேரம் முன்பே கடந்துபோயிருக்கும். "நாளைக் காலை 3 மணி" என்பதை இரவு 12.30க்குச் சொன்னால், அது இன்னும் இரண்டரை மணி நேரத்திலா அல்லது மறுநாளா?

அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, வியாழக்கிழமை ராத்திரி தூங்கி எழுந்திருக்கிறோம் இல்லையா, வெள்ளிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி 2.55 மணி. தேதி 15." சொல்லி முடித்ததும், அவரையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதையே எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.

நள்ளிரவு 12க்கும் 1க்கும் இடையே கிளம்பும் விமானங்களில் இந்தக் குழப்பம் பயணத்தையே கெடுத்துவிடும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை அல்லது இரவு. 15ஆம் தேதி இரவு பெட்டி கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அந்த மாற்றம் பெரும்பாலும் ஞாயிறு அதிகாலையில்தான் வரும். அந்த நாளில் பயணம் என்றால் கூடுதல் கவனம் தேவை.

டெர்மினலையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்திடம் டிக்கெட் வாங்கி, விமானத்தை வேறொரு நிறுவனம் ஓட்டும் ஏற்பாடு சகஜம். அப்படியானால் பெரும்பாலும் ஓட்டுகிற நிறுவனத்தின் டெர்மினலுக்குத்தான் போக வேண்டும். விடியற்காலையில் தவறான டெர்மினலில் இறங்கினால் இன்னொன்றுக்குப் போகும் பஸ் அடிக்கடி வராது.

எந்த வண்டி?

என் கணக்கில் முதல் இடம் உங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு டிரைவருக்கு. பகலில் இரண்டு மூன்று முறை போய் வந்தவராக, நேரத்துக்கு வந்தவராக இருந்தால் போதும். அவருடைய எண்ணை வாங்கி வையுங்கள். உங்கள் முகமும் வீடும் தெரிந்தவர் 3 மணிக்கு எழுந்து வருவார். தன்னால் முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வார், பல நேரம் தெரிந்தவர் ஒருவரை அனுப்பியும் வைப்பார்.

அடுத்து, இரவிலும் போன் எடுக்கும் டாக்ஸி நிறுவனம். வண்டி எத்தனை இருக்கிறது என்பதைவிட 3 மணிக்குப் பேச ஆள் இருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். இதைச் சோதிக்க ஒரே வழி, பயணத்துக்குச் சில நாள் முன்பு விழித்திருக்கும் ஓர் இரவில் அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பார்ப்பது.

செயலி வண்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது புரியும். முன்கூட்டியே பதிவு செய்வது பல செயலிகளில் ஒரு கோரிக்கை மட்டும்தான். நீங்கள் சொன்ன நேரம் நெருங்கும்போதுதான் அக்கம்பக்கத்தில் விழித்திருக்கும் டிரைவர்களைத் தேடவே ஆரம்பிக்கும். யாரும் இல்லையென்றால் வண்டியும் இல்லை. சில செயலிகளில் மட்டும் ஒரு டிரைவர் முன்பே ஏற்றுக்கொள்ளும் வசதி தனியாக உண்டு. முந்தின இரவே ஒரு பெயரும் வண்டி எண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அதை இரண்டாவது வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கட்டணமும் ஏறியிருக்கக்கூடும்.

டிரைவர்கள் ஏன் ரத்து செய்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். 3 மணி சவாரி என்றால் ஒருவருடைய தூக்கம் நடுவில் உடைகிறது, அல்லது இரவு முழுக்க ஓட்டியவருக்குக் கடைசி சவாரியாக இருக்கிறது. இறக்கிவிட்ட பிறகு திரும்பிவர ஆள் கிடைக்காமல் வெறும் வண்டியாக வர வேண்டியிருக்கலாம். இது தெரிந்தால், நேரடியாகப் பேசும்போதே "திரும்பி வர்றதுக்கும் சேர்த்து எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிடலாம். நியாயமான தொகை முன்கூட்டியே பேசி முடிந்த சவாரியை யாரும் சுலபத்தில் கைவிட மாட்டார்கள்.

ரயில், பஸ் இருக்கும் ஊர் என்றால் முதல் வண்டி எப்போது என்று பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் தண்டவாளப் பராமரிப்புக்காக இரவில் சில மணி நேரம் ரயில் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி இன்னும் தாமதமாக வரலாம். முதல் ரயில்தான் உங்களுடைய ஒரே நம்பிக்கை என்றால், அது தவறினால் அடுத்ததில் போயும் விமானத்தைப் பிடிக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் அந்த வழி வேண்டாம்.

சொந்தக் காரில் போவது நல்ல வழிதான், நீங்கள் முந்தின இரவு தூங்கியிருந்தால். நீண்ட நாள் பார்க்கிங்கில் முன்பதிவு செய்யுங்கள். அங்கிருந்து டெர்மினலுக்குக் கூட்டிப்போகும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேருங்கள். நிறுத்திய இடத்தின் தூண் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போதும் நீங்கள்தான் ஓட்ட வேண்டும். நள்ளிரவில் வந்து இறங்குகிற பயணமாக இருந்தால் இது சரிப்படாது.

வீடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூரம் என்றால், என் யோசனை தயங்காமல் இதுதான்: முந்தின மாலையே போய் ஏர்போர்ட் அருகில் தங்குங்கள். கூடுதல் செலவு என்று தோன்றும். தவறவிட்ட விமானத்துக்கு மறு டிக்கெட் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அங்கே தங்கினாலும் அவர்களுடைய வண்டி எத்தனை மணிக்கு முதலில் கிளம்பும், அதற்கு இடம் பதிவு செய்ய வேண்டுமா என்று வரவேற்பில் கேளுங்கள். 24 மணி நேரமும் வண்டி உண்டு என்று விளம்பரத்தில் இருந்தாலும் கேளுங்கள்.

டிரைவரிடம் பேசி முடிக்க வேண்டியவை

நீங்களேதான் வருகிறீர்களா, வேறு யாரையாவது அனுப்புவீர்களா? அனுப்பினால் அவருடைய எண் என்ன? அன்று இரவு வேறு சவாரி ஏற்றிருக்கிறீர்களா? இந்த மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. முந்தின சவாரி வெளியூரில் முடிகிறது என்றால் அவர் திரும்பி வந்து சேர்வதும், தூங்காமல் உங்களை ஓட்டிக்கொண்டு போவதும் இரண்டுமே ஆபத்து.

பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லாமல் அளவையும் சொல்லுங்கள். எரிவாயு உருளை பொருத்திய வண்டிகளில் டிக்கியில் பாதி இடம் போய்விடும். பெரிய பெட்டி இரண்டு இருந்தால் ஒன்று மடியில்தான். சுங்கச்சாவடிக் கட்டணம், பார்க்கிங், இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தானா என்பதை முன்பே பேசிவிடுங்கள். 4 மணிக்கு டெர்மினல் வாசலில் நின்று பேரம் பேச நேரம் இருக்காது. சில்லறையும் தயாராக இருக்கட்டும். குழந்தைக்கு இருக்கை வேண்டும் என்றால், அது வண்டியில் இருக்கும் என்று எதிர்பார்க்காமல் கேளுங்கள்.

முந்தின மாலை

மாலை 6, 7 மணிக்குள் டிரைவருக்குப் போன் செய்யுங்கள். செய்தி மட்டும் அனுப்பினால் அவர் பார்த்தாரா, படித்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. குரலைக் கேட்டால் தெரிந்துவிடும். அவர் தயங்கினால் அப்போதே வேறு ஆளைத் தேட நேரம் இருக்கிறது. வண்டி எண்ணை வாங்குங்கள். வீட்டு இடத்தை வரைபடத்தில் குறித்து அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பகலில் திறந்திருக்கும் பின்பக்க கேட் இரவில் பூட்டியிருக்கலாம். வரைபடம் அந்தப் பூட்டிய கேட்டுக்குத்தான் அவரைக் கொண்டுவந்து நிறுத்தும்.

இன்னொரு சின்ன விஷயம். நம்மில் பலர் இரவில் போனை "தொந்தரவு செய்யாதே" (Do Not Disturb) நிலையில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். டிரைவர் 2.30க்குக் கூப்பிட்டு "வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க" என்று சொல்ல முயன்றால் உங்கள் போன் ஒலிக்காது. டிரைவரின் எண்ணை, இரண்டாவது ஆளின் எண்ணை, விமான நிறுவனத்தின் எண்ணை அந்த நிலையிலிருந்து விலக்கி வையுங்கள். அலாரம் இரண்டு கருவியில் இருக்கட்டும். ஒன்று கட்டிலிலிருந்து எழுந்து நடந்தால்தான் எட்டும் தூரத்தில். போன் சார்ஜில். பெட்டிகள் வாசல் பக்கத்தில். பாஸ்போர்ட் நாளை போடும் சட்டைப் பையில் அல்லது கைப்பையில், ஒரே இடத்தில்.

மாறும் நேரத்தை எழுதி வையுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 3.05 வண்டிக்கு என் தாளில் இப்படி எழுதியிருப்பேன். 2.25: டிரைவருக்குப் போன். 2.40 வரை எடுக்கவில்லை என்றால் இரண்டாவது ஆளுக்குப் போன். 3.05க்கு வண்டி கண்ணில் படவில்லை, சரியான இடமும் சொல்லவில்லை என்றால் முதல் வண்டியை மறந்துவிட வேண்டும்.

ஏன் எழுத வேண்டும்? வாசலில் நிற்கும்போது "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று நம்பத்தான் மனம் சொல்லும். இப்படி மூன்று ஐந்து நிமிடம் சேர்ந்தால் கால் மணி நேரம். அன்று அம்மாவோடு நின்றபோது நான் இழந்தது அதைத்தான். எழுதி வைத்த நேரம் அந்த இழுபறியை முடித்துவிடும்.

போனில் "வந்துட்டே இருக்கேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். படுக்கையிலிருந்தும் அதைச் சொல்லலாம். "இப்போ எந்த இடத்தைத் தாண்டிட்டு இருக்கீங்க?" என்று கேளுங்கள். ஓட்டிக்கொண்டிருப்பவர் உடனே ஓர் இடத்தின் பெயரைச் சொல்வார். பின்னால் வண்டிச் சத்தமும் கேட்கும்.

இரண்டாவது வழி என்பது பெரும்பாலும் ஒரு மனிதர்: அண்டை வீட்டுக்காரர், நண்பர், சொந்தக்காரர், அல்லது இன்னொரு டிரைவர். அவரிடம் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: "வண்டி சொல்லியிருக்கேன். ஒருவேளை வரலைன்னா 2.40க்குக் கூப்பிடுவேன். போனைப் பக்கத்துலயே வெச்சுக்கங்க." இரண்டு டிரைவர்களிடமும் ஒரே சவாரியை உறுதியாகச் சொல்லிவிட்டு, முதலில் வந்தவரோடு போய்விடுவது தவறு. தூக்கத்தை விட்டு வந்து, பூட்டிய வீட்டின் முன் நிற்கும் அந்த இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். டிரைவரை இரண்டாவது வழியாக வைத்தால், விழித்துக் காத்திருப்பதற்கு ஒரு தொகை பேசிக் கொடுங்கள்.

எல்லாம் மீறித் தாமதமாகிவிட்டால், விமானம் கிளம்பும் முன்பே விமான நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். கிளம்பும் முன்பு டிக்கெட்டை மாற்றுவதற்கும், ஒன்றும் சொல்லாமல் வராமல் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வராமல் போனால் பல நிறுவனங்கள் அதே டிக்கெட்டில் உள்ள மீதிப் பயணத்தையும், திரும்பி வரும் பயணம் உட்பட, ரத்து செய்துவிடும். வண்டியில் போகிற வழியிலேயே, ஓட்டாத ஒருவர் இந்த வேலையைத் தொடங்கட்டும்.

வண்டி வந்ததும்

வண்டி எண்ணைச் சரிபாருங்கள். உங்கள் பெயரை நீங்கள் சொல்லாமல், "யாரை ஏத்த வந்திருக்கீங்க?" என்று அவரைக் கேளுங்கள். தனியாகப் போகிறவர்கள் பயண விவரத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டு ஏறுங்கள். பின் இருக்கையிலும் சீட் பெல்ட் போடுங்கள்.

இரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே மனித உடல் தூக்கத்தைக் கேட்கும் நேரம்; எவ்வளவு அனுபவமுள்ள டிரைவருக்கும் இது பொருந்தும். அடிக்கடி கொட்டாவி, கோட்டைத் தாண்டி வண்டி ஒதுங்குவது, திரும்ப வேண்டிய இடத்தை விடுவது, காரணமில்லாமல் வேகம் குறைந்து கூடுவது: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் பேச்சுக் கொடுங்கள். மறுபடியும் பார்த்தால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஐந்து நிமிடம் இறங்கி முகம் கழுவச் சொல்லுங்கள். அதன் பிறகும் கண் சொருகினால் அந்த வண்டியில் தொடராதீர்கள். இரண்டாவது ஆளைக் கூப்பிடுங்கள். கணக்கில் 20 நிமிடம் கூடுதலாக வைத்தது இதற்கும் சேர்த்துத்தான். நேரமாகிவிட்டது என்று டிரைவரை விரட்டாதீர்கள்.

வண்டி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும், இரண்டாவதாக ஏற்பாடு செய்தவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். இப்போதெல்லாம் பாதித் தூரம் கடந்ததும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் அனுப்புவது இதுதான்: "கிளம்பியாச்சுண்ணா, வண்டி நல்லாப் போகுது. நீங்க தூங்குங்க."